அழகும் வேலியும்

அழகான ஒன்றைக் கண்டு மகிழ்வது குற்றமாகுமா? முதலிற் கேட்கும்போது இக்கேள்வி நகைப்பிற்கிடமானதாகத் தோன்றலாம். மலையையும் மலரையும் கண்டு மகிழாதவன் மனிதனல்லன் என்று விடைகூறி அப்பாற் சென்றுவிடலாம். ஆனால் அந்த அழகு எவ்வாறு உண்டாயிற்று, எவருடைய உழைப்பால் உண்டாயிற்று, அதனைக் காண எவருக்கு வழி விடப்பட்டது, எவருக்கு வழி மறுக்கப்பட்டது என்று கேட்கத் தொடங்கியவுடனே, கேள்வி அவ்வளவு எளிதன்று என்பது புலனாகும். இங்கிலாந்தில் ஓர் ஏப்பிரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்னிருக்கையில் அமர்ந்து டார்பிஷயர் மலைநாட்டினூடாகச் சென்றபோது, இக்கேள்வி என்னைக் காலை முதல் மாலை வரை விடாது தொடர்ந்தது.

வண்டியை ஓட்டியவர் என்னிலும் வயதில் மூத்த ஓர் ஆங்கிலேய நண்பர், இளைப்பாறிய தொழிலாளி. அவருடைய வண்டி, கொவென்ற்றி நகருக்கு அண்மையிலுள்ள மெரிடன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஒரு ட்ரையம்ப் பொனவில். அத்தொழிற்சாலை மூடப்படும் என்று 1973இல் நிர்வாகம் அறிவித்தபோது, தொழிலாளர் வாயிலை மறித்து உள்ளேயே தங்கிவிட்டனர். அக்காலத்துத் தொழிற்கட்சி அமைச்சர் டொனி பென்னின் ஆதரவோடும் அரசாங்கக் கடனோடும் 1975இல் அங்கே ஒரு தொழிலாளர் கூட்டுறவு உருவாயிற்று. 1983 வரை அது தாக்குப்பிடித்தது. நண்பரின் வண்டி அந்த ஆண்டுகளுக்குரியது. அவர் அங்கு வேலை செய்தவரல்லர். எனினும், "முதலாளியில்லாமற் செய்த வண்டி" என்றுதான் அதனை எனக்கு அறிமுகப்படுத்தினார். அவ்வாறு கூறியபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் மறக்கவில்லை.

குளொசொப் என்னும் சிற்றூரைக் கடந்ததும் பாதை மலையேறத் தொடங்குகிறது. மோட்டார் காரிற் செல்பவன் இயற்கையைக் கண்ணாடிச் சட்டத்தினுள் வைத்த படமாகப் பார்க்கிறான். மோட்டார் சைக்கிளிற் செல்பவனுக்கோ அந்தச் சட்டம் இல்லை. பள்ளத்தாக்கில் ஈரமண்ணின் மணமும், தோட்டங்களில் டாபடில் மலர்களின் மஞ்சளும், வேலிகளிற் பூத்த முட்செடிகளின் வெண்மையும் நேரே வந்து மோதுகின்றன. வளைவொன்றைக் கடந்தவுடன் குளிர் மேற்சட்டையினுள் நுழைகிறது. வெயில் படும் சரிவுக்கு வந்ததும் உடல் தானே தளர்கிறது. பிறந்து சில நாட்களேயான ஆட்டுக்குட்டிகள் கற்சுவர்களின் ஓரமாகத் தாயை முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. வண்டி வளைவுகளில் இடமும் வலமுமாகச் சாயும்போது நிலமே எம்மோடு சேர்ந்து சாய்வது போன்ற உணர்ச்சி உண்டாகிறது. இத்தகைய மகிழ்ச்சியை நான் முன்னர் அறிந்ததில்லை. அதனை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை.

இப்பாதையின் பெயர் ஸ்னேக் பாஸ். சர்ப்பக் கணவாய் எனலாம். பாதை பாம்பைப் போல வளைந்து செல்வதால் இப்பெயர் வந்தது என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. 1821இல் திறக்கப்பட்ட இப்பாதையோரத்தில் ஸ்னேக் என்னும் பெயருடைய ஒரு விடுதி இருந்தது. விடுதியின் பெயரோ டெவன்ஷயர் பிரபுக்களான கவெண்டிஷ் குடும்பத்தின் சின்னத்திலுள்ள பாம்பிலிருந்து வந்தது. இயற்கையின் பெயர் என்று நாம் கருதியது உடைமையின் பெயராக முடிந்தது. நிலக்காட்சியின் வேறு பலவும் அத்தகையனவே. மலைச்சரிவுகளை நேர்கோடுகளாக வெட்டிச்செல்லும் கற்சுவர்கள் கண்ணுக்கு இனியன. அவற்றிற் பல, பொதுநிலங்கள் தனியுடைமையாக்கப்பட்ட அடைப்புச் சட்டங்களின் சின்னங்கள். 1604க்கும் 1914க்கும் இடையில் அத்தகைய 5,200க்கு மேற்பட்ட சட்டங்களைப் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 68 இலட்சம் ஏக்கர் நிலம், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேற்பட்ட நிலம், அவற்றால் வேலியிடப்பட்டது. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைகளுக்கிருந்த வழக்குரிமைகள் வேலிக்கு வெளியே விழுந்தன. நகரத்து ஆலைகளுக்குக் கூலியாட்கள் எங்கிருந்து வந்தனர் என்று தேடுவோர் இந்தச் சுவர்களையும் ஒருமுறை பார்த்தல் நன்று.

கணவாயின் உச்சியில் நண்பர் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். தெற்கே கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம் கரும்பழுப்பாக விரிந்து கிடந்தது. எங்கோ ஒரு நீர்ப்பறவையின் நீண்ட குரல் கேட்டது. நான் அப்பொழுது, கற்றவர்களுக்குரிய பழக்கதோஷத்தினால், இந்த நிலத்தின் அழகில் நாம் மயங்கிவிடலாகாது, இது செல்வர்கள் பறவை சுட்டு விளையாடுவதற்காகக் காக்கப்பட்ட காடு, இதனை ரசிப்பது அவர்களுடைய கண்களாற் பார்ப்பதாகும் என்று ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "என் தந்தைக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் இங்கே வந்தார்" என்றார்.

அவருடைய தந்தை மன்செஸ்ரரில் நூற்பாலைத் தொழிலாளி. ஆறு நாள் பஞ்சுத்தூசியைச் சுவாசித்தவர் ஏழாம் நாள் மலைக்காற்றைத் தேடி வருவார். ஆனால் அன்று கிண்டர் மேட்டிலே பொதுமக்கள் கால் வைக்க இயலாது. குரவுஸ் என்னும் பறவையைப் பிரபுக்கள் ஆண்டில் சில நாட்கள் சுடுவதற்காக, ஆண்டு முழுவதும் காவலாளர் தடியோடு நின்றனர். 1932 ஏப்பிரல் 24ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹேபீல்ட் என்னும் ஊரிலிருந்து சுமார் நானூறு பேர் அந்தத் தடையை மீறி மேலேறினர். அவர்களிற் பெரும்பாலோர் தொழிலாள இளைஞர். தலைமை தாங்கியவர்களில் ஒருவர் பெனி றொத்மன் என்னும் இருபது வயதுக் கம்யூனிஸ்ட். காவலாளருடன் கைகலப்பு ஏற்பட்டது. ஆறு பேர் கைதாயினர். ஐவருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை கிடைத்தது. பிறர் நிலத்தில் நடப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமன்றாதலால், கலகம் செய்தார்கள் என்றும் தாக்கினார்கள் என்றுமே வழக்குத் தொடரப்பட்டது. நண்பரின் தந்தை அந்த ஊர்வலத்தில் இருக்கவில்லை. அப்பொழுது அவருக்குப் பதினேழு வயது. பொலிஸ் வரும் என்று அஞ்சித் தாயார் வீட்டிலேயே மறித்துவிட்டாராம். "சாகும்வரை அதற்காக வருந்தினார்" என்றார் நண்பர்.

இனி நம் கேள்விக்கு வருவோம். அழகு பற்றி இரண்டு எளிய விடைகள் வழக்கில் உள்ளன. அழகு குற்றமற்றது, அதனை வரலாற்றோடு குழப்பலாகாது என்பது ஒன்று. ஜெர்மானிய தத்துவஞானி காண்ட் 1790இல் வெளியிட்ட நூலில் மாளிகை ஒன்றை உதாரணமாகக் காட்டுகிறார். அது அழகானதா என்று கேட்டால், மக்களின் வியர்வையை வீணாக்கிய பெரியோரின் செருக்கை ரூசோவைப் போல் ஒருவன் கண்டிக்கலாம், அதனை ஒப்புக்கொள்ளலாம், ஆனால் கேள்வி அதுவன்று என்பது அவர் வாதம். பொருளின் இருப்பிலே அக்கறை கொள்ளாத தூய நோக்கே அழகை அறியும் நோக்கு என்பது அவர் கொள்கை. இந்த வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. கற்சுவரின் வரலாற்றை அறிந்த பின்பும் அது அழகாகவே தோன்றுகிறது. வரலாறு அழகைப் பொய்யாக்குவதில்லை.

அழகு ஒரு திரை, ஆளும் வர்க்கம் தன் கொள்ளையை மறைப்பதற்குப் போர்த்திய பட்டு, ஆகவே அதனை விலக்குதலே நேர்மை என்பது மற்றை விடை. மலையுச்சியில் நான் செய்த பிரசங்கம் இதனைச் சார்ந்தது. முற்போக்காளர் பலருக்கு இது உவப்பானது. இதற்குக் காரணம் இதன் உண்மை மட்டுமன்று, இது நமக்குத் தரும் மேன்மையுணர்ச்சியுமாகும்.

கிண்டர் மேட்டில் ஏறிய நானூறு பேரும் இவ்விரண்டு விடைகளையும் ஒருங்கே மறுத்துவிட்டனர் என்பதே என் எண்ணம். அவர்கள் அந்த மேட்டின் அழகை வெறுத்திருந்தால் மேலே ஏறியிருக்கமாட்டார்கள். அதனை அக்கறையற்ற தூய நோக்கோடு பார்த்திருந்தால், அடிவாரத்திலே நின்று பார்த்துத் திருப்தியடைந்திருப்பார்கள். அழகை அவர்கள் தமக்குரிய ஒரு பங்காகக் கோரினர். பசிக்கு உணவு கேட்பதைப் போல, ஓய்வுக்கு எட்டு மணி நேரம் கேட்பதைப் போல, கண்ணுக்கு வானம் கேட்டனர். தூய நோக்கு வேண்டுமென்கிறார் தத்துவஞானி. அந்த நோக்குக்கு வேண்டிய ஓய்வும் வழியும் எவருக்குக் கிடைக்கின்றன என்பதை அவர் கேட்கவில்லை. நேர்மையான வெறுப்பை விதிக்கிறான் முற்போக்காளன். பட்டினி கிடந்த கண்ணுக்கு அது எதனையும் தருவதில்லை.

கணவாயிலிருந்து இறங்கியதும் லேடிபவர் நீர்த்தேக்கம் தோன்றுகிறது. இருமருங்கும் மரங்கள் தளிர்விட, இடையே நீலநீர் அசையாது கிடக்கும் காட்சி அது. அந்த நீரின் கீழே டேர்வென்ற், அஷொப்ரன் என்னும் இரண்டு கிராமங்கள் உள்ளன. 1935க்கும் 1943க்கும் இடையில் அணை கட்டப்பட்டபோது மக்கள் வேறிடங் குடியேற்றப்பட்டனர். கல்லறைகளிலிருந்த உடல்களும் தோண்டியெடுக்கப்பட்டுப் பாம்பர்ட்டில் அடக்கஞ் செய்யப்பட்டன. நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த தேவாலயக் கோபுரம் 1947இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1976, 2018 முதலிய வறட்சி ஆண்டுகளில் டேர்வென்ற் கிராமத்தின் இடிபாடுகள் நீரிலிருந்து மீண்டும் வெளித்தெரிந்தன.

இதனோடு, இருபது மைல் தொலைவுக்குள் உள்ள இன்னொரு கிராமத்தை ஒப்பிட வேண்டும். அதன் பெயர் எட்ன்சர். டெவன்ஷயர் பிரபுக்களின் சற்ஸ்வேர்த் மாளிகையைச் சூழ்ந்த பெரும்பூங்காவை 18ஆம் நூற்றாண்டில் கேப்பபிலிட்டி பிரௌன் என்னும் புகழ்பெற்ற தோட்டக்கலைஞர் அமைத்தார். மனிதர் கைபடாத இயற்கை போலத் தோன்றும்படி ஆற்றையும் மேட்டையும் திருத்தி அமைப்பதே அவருடைய கலை. மாளிகையிலிருந்து பார்க்கும்போது கண்ணிற் பட்ட வீடுகள் அகற்றப்பட்டன. பின்னர் ஆறாவது டெவன்ஷயர் பிரபு, 1838க்குப் பிந்திய சில ஆண்டுகளில், கட்டடக்கலைஞர் பக்ஸ்ரனைக் கொண்டு எஞ்சிய ஊரை மேட்டுக்கு அப்பால் புதிதாக அமைப்பித்தார். புதிய வீடுகள் பழையவற்றினும் நல்லவை என்பதை மறைக்கலாகாது. பூங்காவினுள் ஒரேயொரு பழைய வீடு மட்டும் தனித்து நிற்கிறது. அங்கிருந்த முதியவர் அசைய மறுத்ததனால் அது விடப்பட்டது என்று ஊரிற் சொல்கிறார்கள்.

இரண்டு கிராமங்கள் இடம் மாறின. ஒன்று ஷெபீல்ட், டார்பி, நொட்டிங்காம், லெஸ்ரர் நகரங்களில் வாழும் இலட்சக்கணக்கானோரின் தாகத்துக்காக. மற்றையது ஒருவருடைய சாளரத்துக் காட்சிக்காக. இன்று இரண்டும் ஒரே வகையான அழகாகக் கண்ணுக்குத் தோன்றுகின்றன. கண் இவ்விரண்டையும் வேறுபடுத்தாது. அறிவு வேறுபடுத்த வேண்டும். அழகுக்காக எதனையும் இழக்கலாகாது என்பதன்று என் வாதம். எவருக்காக இழக்கப்பட்டது, இழந்தவரிடம் கேட்கப்பட்டதா என்பதே வினா. முதல் வினாவுக்கு லேடிபவர் ஓரளவு நல்ல விடை தருகிறது. இரண்டாம் வினாவுக்கு அதுவும் தலைகுனிந்தே நிற்க வேண்டும்.

வேலிகளெல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல என்பதை இடைவழியிலுள்ள ஈயம் என்னும் கிராமம் எனக்குக் கற்பித்தது. 1665இல் லண்டனிலிருந்து வந்த துணிப்பொதி ஒன்றோடு கொள்ளைநோய் அவ்வூருக்கு வந்ததாகக் கூறுவர். 1666 கோடையில், மொம்பெசன் என்னும் மதகுருவும் அவருக்கு முன் அப்பதவியிலிருந்து நீக்கப்பட்ட ஸ்ரான்லியும் ஒன்றுபட்டுச் சொன்ன சொல்லை ஏற்று, நோய் அயலூர்களுக்குப் பரவாதபடி ஊரார் தம்மைத் தாமே எல்லைக்குள் அடைத்துக்கொண்டனர். எல்லைக்கல்லின் குழிகளில் வினாகிரி ஊற்றி அதில் நாணயங்களை இட்டு வைப்பர். அயலூரார் உணவை வைத்துவிட்டுச் செல்வர். சுமார் 260 பேர் மாண்டனர். மொம்பெசனின் மனைவியும் அவர்களுள் ஒருவர். அந்த ஊரிலும் அன்று வசந்தத்தின் மலர்கள் பூத்திருந்தன. பிறரை வெளியே நிறுத்தத் தமக்காக இட்ட வேலியை மலையிலே கண்டேன். பிறருக்காகத் தம்மை உள்ளே நிறுத்த இட்ட வேலியை இங்கே கண்டேன். ஒழுக்கம் வேலியில் இல்லை. அது எவரைக் காக்கிறது என்பதில் இருக்கிறது.

மொன்சல் பள்ளத்தாக்கில் இன்னொரு பாடம் கிடைத்தது. அங்கே 1863இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதையின் உயர்ந்த கற்பாலம் ஒன்று உண்டு. பேரறிஞர் றஸ்கின் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். பக்ஸ்ரனிலுள்ள மூடர்கள் அரை மணி நேரத்திற் பேக்வெல்லுக்குப் போய்ச் சேர்வதற்காகத் தெய்விகமான பள்ளத்தாக்கைப் பாழாக்கிவிட்டார்கள் என்பது அவர் மனக்குறை. இதே றஸ்கின்தான் உழைப்பின் மாண்பைப் பற்றி எழுதிக் காந்தியடிகளின் வாழ்க்கையையே மாற்றியவர். உழைப்பவனிடத்து அத்துணை அன்புடையவருக்கும், அவன் கூட்டமாகப் புகையிரதத்தில் வந்து இறங்கினால் அழகு கெட்டுவிடும் என்ற அச்சம் இருந்தது. 1968இல் அந்தப் பாதை மூடப்பட்டது. இப்பொழுது அதன்மேல் மக்கள் நடக்கிறார்கள். பாலமே அப்பள்ளத்தாக்கின் அழகாகப் படமெடுக்கப்படுகிறது.

றஸ்கினைக் கண்டு நகைத்த என் நகைப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. மற்லொக் பாத் என்னும் ஆற்றங்கரை ஊரை அடைந்தபோது, வார இறுதியில் வழக்கமாகக் கூடும் மோட்டார் சைக்கிள்கள் தெருவோரம் நெடுகிலும் வரிசையாக நின்றன. தச்சர், சாரதிகள், தாதிமார், மாணவர் எனப் பலரும் தேநீர் அருந்தி, ஒருவர் வண்டியை மற்றவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தனர். ஆனால் அந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டபோது எழுந்த இரைச்சல் பள்ளத்தாக்கை நிறைத்தது. காலையில் கணவாயின் உச்சியில் நான் கேட்ட பறவையின் குரல், எங்கள் இயந்திரம் நின்ற பின்னரே எனக்குக் கேட்டது என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. எங்களுக்கு முன்னும் பின்னும் நடந்து சென்றவர்களுக்கு அது கேளாமற் போயிருக்கும். அம்மலைநாட்டின் சில மண்பாதைகளில் மோட்டார் வாகனங்களைப் பூங்கா அதிகாரசபை தடைசெய்திருக்கிறது. அதனைக் கேட்ட கணத்தில் எனக்குச் சினம் வந்தது. சிறிது எண்ணியபின் அது நியாயமென்று பட்டது. எல்லோருக்கும் உரியது என்ற சொல்லில் நானும் அடங்குவேன். என்னால் அமைதியை இழப்பவனும் அடங்குவான்.

அன்றைய பயணம் குரொம்பேர்ட்டில் முடிவுற்றது. 1771இல் ஆர்க்றைற் நீர்வலியால் இயங்கும் தம் நூற்பாலையை நிறுவிய இடம் அது. இரவும் பகலும் இயங்கிய அந்த ஆலையில் வேலை செய்தவர்களிற் பெரும்பகுதியினர் பிள்ளைகள். நூற்ற பஞ்சில் ஒரு பகுதி கடல்களுக்கு அப்பால் அடிமைகள் பயிரிட்டது. இத்தகைய ஆலைகளில் விளைந்த மலிவான நூலும் துணியும் பின்னர் இந்தியக் கைத்தறியாளரின் வயிற்றில் அடித்தன. 2001 முதல் அந்த ஆலைப் பள்ளத்தாக்கு உலக மரபுரிமைச் சின்னமாக உள்ளது. மாலை வெயிலில் அதன் சுவர்களும் அழகாகவே இருந்தன. காலையில் வேலிக்கு வெளியே தள்ளப்பட்டோரின் நிலத்தைக் கண்டோம். மாலையில் அத்தகையோரை உள்ளிழுத்த வாயிலைக் கண்டோம். ஒரு முழுநாள் சவாரி, ஒரு வரலாற்றின் இரு முனைகளையும் காட்டிவிட்டது.

இக்கேள்வி நம் நாட்டுக்குப் புறம்பானதன்று. நுவரெலியாவை ஆங்கிலேயர் தம் நாட்டின் சாயலிலேயே அமைத்துக்கொண்டனர். பாதையோரத்தில் நின்று தேயிலைச் சரிவுகளின் பசுமையை வியப்பவன், அந்தப் பசுமைக்குள் லயன் அறைகள் இருப்பதையும், அச்சரிவுகளை அமைத்தவர்களின் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டதையும் அறிந்தே வியத்தல் வேண்டும். அறிந்தபின் பசுமை குறைந்துவிடாது. பார்ப்பவனின் கடமை கூடிவிடும்.

ஆகவே என் விடை இது: அழகைக் கண்டு மகிழ்வது குற்றமன்று, அதற்கு விலை கொடுத்தவரை மறந்து மகிழ்வதும், மகிழ்ந்த பின் வாயிலைச் சாத்துவதுமே குற்றம். கிண்டர் மேட்டில் ஏறியவர்கள் வாயிலைத் திறந்தார்கள். 1951இல் அம்மலைநாடு பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. 2000ஆம் ஆண்டின் சட்டம் மலைகளிலும் புல்வெளி மேடுகளிலும் நடக்கும் உரிமையை வழங்கியது. 2002இல், ஊர்வலத்தின் எழுபதாவது ஆண்டு நினைவில், அன்றைய நிலவுடைமையாளரின் பேரனான பதினோராவது டெவன்ஷயர் பிரபு தம் குடும்பத்தின் செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எனினும் அந்த உரிமை இங்கிலாந்தின் நிலப்பரப்பில் சுமார் 8 சதவீதத்துக்கே பொருந்தும். வேலிகள் இன்னும் நிற்கின்றன.

இருட்டுமுன் நண்பர் வண்டியைத் திருப்பினார். திரும்பும் வழியில் அதே கணவாயின் உச்சியில் மீண்டும் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தார். இம்முறை நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. பதினேழு வயதில் வீட்டிலே மறிக்கப்பட்ட அந்த இளைஞனுக்கும் சேர்த்து, இருவரும் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.